பெண்பிள்ளை ஏறிய கப்பல்

இப்போதெல்லாம் ஈயக் கப்பலில் ஏற நுழைவுச் சீட்டு வாங்கினால் போதும். சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் குடும்பமாகப் பேராக் பக்கம் போனபோது, ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளி ஒரு குளத்தின் கரையில் அப்படி ஒரு பழைய கப்பலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். சீட்டுக் கொடுத்த மலாய்ப் பெண்ணே வழிகாட்டியாகவும் இருந்தாள். எங்கள் தலைகளில் மஞ்சள் நிறத் தொப்பிகளை மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இழுத்துச் சரிபார்த்துவிட்டு, பெண்கள் முதலில் வரலாம் என்று சொல்லி என்னை முன்னால் விட்டாள். பாலத்துப் பலகையில் கால் வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த மகன் என் முதுகில் முட்டிக்கொண்டு, "என்னாம்மா, ஏறுங்கலா. வெயிலு கொல்லுது" என்றான்.

அந்தப் பெண் நன்றாகவே விளக்கினாள். வாளிகளின் எடை, சங்கிலியின் நீளம், கப்பல் தோண்டிய மண் எல்லாவற்றுக்கும் அவளிடம் கணக்கு இருந்தது. ஒரு காலத்தில் இதில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்று இருந்ததை மட்டும் அவள் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தக் கட்டுப்பாடு இன்றும் இருந்திருந்தால் அவளுக்கு அந்த வேலையே கிடைத்திருக்காது.

நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவை ஈயக் கப்பலில் ஏறியிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தக் கப்பல் எங்கள் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஈயக்குட்டைகளில் ஒன்றில் நின்றது. அதில் பெரியப்பா வேலை பார்த்தார்.

குளத்தில் எதற்குக் கப்பல் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈயக் கப்பல் எந்த ஊருக்கும் போவதற்காகக் கட்டப்பட்டதல்ல. தகரக் கூரை போட்ட, நாலு மாடி உயரமுள்ள ஓர் இரும்பு ஆலை தண்ணீரில் மிதந்தால் எப்படி இருக்கும், அதுதான் அது. முன்பக்கம் சங்கிலியில் கோத்த பெரிய பெரிய வாளிகள் குளத்தின் அடிமண்ணைத் தோண்டி மேலே கொண்டுவரும். உள்ளே அந்த மண்ணைத் தண்ணீர் விட்டு அலசுவார்கள். கனமான ஈயம், அதாவது வெள்ளீயம், கீழே தங்கும். மணல் பின்பக்கமாகப் போய்க் குளத்திலேயே விழும். முன்னால் தோண்டிக்கொண்டும் பின்னால் தூர்த்துக்கொண்டும் போவதால், கப்பல் நகர நகரக் குளமும் கூடவே நகரும். தன் கடலைத் தானே வெட்டிக்கொண்டு, தாண்டிய பிறகு தானே மூடிவிட்டுப் போகும் கப்பல் அது.

பெரியப்பா அதில் எண்ணெய் போடும் ஆளாகச் சேர்ந்து, வின்ச் பிடிப்பவராக உயர்ந்தவர். கப்பலைக் கரையோடு கட்டியிருக்கும் இரும்புக் கயிறுகளை இழுத்தும் விட்டும் அதைத் திருப்புவது அவருடைய வேலை. பேச்செல்லாம் கடலோடியின் பேச்சு. "கரைக்குப் போறேன்", "கரையில என்னா விசேசம்" என்றுதான் சொல்வார். கரை என்று அவர் சொன்னது தன் வீட்டையும் பெண்டாட்டி பிள்ளையையும். சம்பானில் ஏறி நாலு துடுப்பு போட்டால் வந்துவிடும் தூரம். ஆனாலும் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது, பல மாதம் கழித்து வருகிறவர்போல ஏதாவது ஒரு பொட்டலத்தோடுதான் வருவார். பெரும்பாலும் அது கப்பலில் மிஞ்சிய ரொட்டியாக இருக்கும்.

பிறகு ஈயத்தின் விலை விழுந்தது. எங்கே விழுந்தது, யார் தள்ளிவிட்டார்கள் என்று குளத்தங்கரையில் யாருக்கும் தெரியவில்லை. லண்டனில் என்று சொல்லிக்கொண்டார்கள். கம்பெனி கப்பலை நிறுத்தியது, ஆட்களை அனுப்பியது. விலை ஏறினால் மறுபடியும் ஓட்டுவோம் என்று சொல்லி, பார்த்துக்கொள்ள மட்டும் சிலரை வைத்துக்கொண்டது. நின்றுபோன கப்பலுக்கும் வேலை உண்டு. அதன் அடியில் இருக்கும் இரும்பு அறைகளில் தண்ணீர் கசியும். பம்ப் போட்டு இறைத்துக் கொட்டிக்கொண்டே இருக்காவிட்டால் கப்பல் மெல்ல அமிழத் தொடங்கும். பார்த்துக்கொள்ள வைத்த ஆட்களும் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சம்பளம் நின்றது. பெரியப்பா மட்டும் நிற்கவில்லை. கம்பெனி ஸ்டோரில் மிச்சமிருந்த டீசலை எடுத்து ஊற்றி, பம்பை ஓட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீடு கோல சிலாங்கூர் பக்கம், ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில். அப்பா அங்கே ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர். தோட்டத்து எண்ணெய் ஆலையில் இயந்திரம் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். அப்பா ஆபீஸ் கிராணியிடம் பேசி, அந்த வேலையைத் தன் அண்ணனுக்காக நிறுத்தி வைத்தார். லயத்தில் வீடும் தருவதாக ஏற்பாடு. ஒரே நிபந்தனை, பள்ளி விடுமுறை முடிவதற்குள் பெரியப்பா வந்து சேர வேண்டும். வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அப்பா இரண்டு முறை போய்க் கூப்பிட்டும் பெரியப்பா அசையவில்லை. மூன்றாவது முறை என்னைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே விட்டுவிட்டு வந்தார்.

மோட்டார் சைக்கிளில் போகும்போதே எனக்குச் சொல்லித் தந்துவிட்டார். "உன்மேல அவருக்கு உசுரு. நீ கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாரு. தெனமும் கேளு. நச்சரிக்காத, பாசமா கேளு."

சொன்னதைச் சொன்னபடி செய்வதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. தினமும் காலையில் பசியாறும்போது கேட்டேன்.

"பெரியப்பா, எங்க தோட்டத்துக்கு எப்ப வர்றீங்க?"

"கப்பல் ஓடட்டும், வர்றேன்."

"ஓடினா உங்களுக்கு வேலை இருக்குமே. அப்புறம் எப்படி வருவீங்க?"

"லீவு போட்டுட்டு வர்றேன்."

அவருக்கு லீவு தர அங்கே யாரும் இல்லை. அந்தக் கம்பெனி வீட்டு வரிசையில் மற்ற வீடுகளெல்லாம் காலி. கதவுகளையும் சன்னல்களையும் யார் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வாசல் ஓட்டைகள் வழியாகப் பார்த்தால் பின்பக்கத்து லாலான் புல் தெரியும். பெரியப்பா வீட்டில் மட்டும் அடுப்பு எரிந்தது. அந்த வீட்டில் ஒருவர் மட்டும் வேலை நேரம் தவறாமல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, கரைக்குப் போகும் வழியில் தொங்கிய தண்டவாளத் துண்டை இரும்பால் தட்டி ஆள் மாறும் நேரத்தை அறிவித்துவிட்டு, சம்பானில் ஏறிப் போனார். மாற்றுவதற்கு ஆள் கிடையாது. மாலையில் தட்டிவிட்டு இறங்குகிறவரும் அவர்தான். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. சில நாள் என்னையே தட்டச் சொன்னார்.

நான் அங்கே விருந்தாளி, அதனால் எல்லாமே வேடிக்கையாக இருந்தது. கரையோரத்தில் இரும்புக் கயிறுகள் மலைப்பாம்பு கனத்தில் துருப்பிடித்துக் கிடந்தன. தண்ணீர் பச்சையாகவும் இல்லாமல் நீலமாகவும் இல்லாமல் பாலில் சாயம் கலந்ததுபோல் இருந்தது. மறு கரையில் மரமே கிடையாது. கப்பல் கழித்துப் போட்ட வெள்ளை மணல் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு வானம் வரை போனது. கப்பல் ஓடிய காலத்தில் வாளிகள் போடும் கிறீச் சத்தம் இரவு பகல் நிற்காதாம். பெரியப்பா மகள் அக்காவைத் தொட்டிலில் போட்டபோது தாலாட்டே தேவைப்படவில்லை என்பார் பெரியம்மா. சத்தம் நின்ற நாளிலிருந்து அவருக்குத் தலைவலி. எனக்கோ அந்த அமைதியில் நல்ல தூக்கம் வந்தது. அதையும் பெரியம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

கப்பலுக்குப் போகும் வழியில், கரைக்குச் சற்று முன்னால் ஒரு சூலம் நட்டிருந்தது. அதுதான் முனியாண்டி. பெண்கள் அதுவரைதான் போகலாம். பெரியம்மா மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கைச் சூலத்துக்குப் பக்கத்தில் இருந்த கொக்கியில் மாட்டிவிட்டு, "சாப்பாடு வந்திருச்சு" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். பெரியப்பா கப்பலிலிருந்து வந்து எடுத்துப் போவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். தன் புருசன் இத்தனை வருசம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதைப் பெரியம்மா பார்த்ததே இல்லை.

காரணத்தை அக்காவிடம் கேட்டேன். பெரியப்பாவுக்கு அவள் ஒரே மகள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட, இவள் மட்டும் குளத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"பொம்பள ஏறினா ஈயம் ஓடிரும்" என்றாள்.

"ஈயம் எப்படி ஓடும்?"

"அதுக்கு உசுரு இருக்காம். மண்ணுக்குள்ளயே எடம் மாறிப் போயிருமாம். அப்புறம் எவ்வளவு தோண்டினாலும் வெறும் மணலுதான் வருமாம். சீனவங்க சொன்னாங்களோ மலாய்க்காரங்க சொன்னாங்களோ, இவங்க புடிச்சிக்கிட்டாங்க. முனியாண்டிய வேற காவலுக்கு வச்சிட்டாங்க."

"இப்ப ஈயம் இருக்கா, ஓடிருச்சா?"

"எந்தப் பொம்பள ஏறினா? ஒருத்தியும் ஏறல. அப்படியும் ஓடிருச்சு. ஆம்பளைங்க மூஞ்சியப் பாத்தே ஓடிருச்சுபோல."

பெரியம்மா அடுப்படியிலிருந்து அகப்பையோடு வந்தார். "வாய மூடுடி. முனியாண்டி காதுல விழப்போவுது."

"விழட்டுமே. அவருக்குந்தான் வேலை போச்சு."

அகப்பை அவள் தோளில் விழுந்தது. ஆனால் திரும்பிப் போகும்போது பெரியம்மாவின் முதுகு குலுங்கியதைப் பார்த்தேன். அவர் சிரித்து நான் பார்த்தது, அதையும் சிரிப்பு என்று கொண்டால், அந்த விடுமுறையில் அது ஒன்றுதான்.

பெரியம்மாவுக்கும் அக்காவுக்கும் எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. அரிசி டின் காலியாகும்போதெல்லாம் பெரியம்மா அதைப் பெரியப்பாவின் கண்ணில் படும்படி திறந்து வைப்பார். பெரியப்பா அதை மூடி வைத்துவிட்டுப் போவார்.  சில சமயம் மாலையில் பெரியப்பா கரையில் உட்கார்ந்து, கப்பலின் பக்கவாட்டில் வெள்ளைச் சாயத்தில் போட்டிருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழேயே இருந்தால் எழுந்து வீட்டுக்கு வருவார்.

விடுமுறை முடியும் நேரம் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் அப்பா வந்தார். வீட்டுக்குள் நுழையாமல் நேரே சூலத்தடிக்குப் போனார்; பெரியப்பா சாப்பாட்டுத் தூக்கை எடுக்க அங்கே வந்திருந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"அண்ணே, கிராணி இதுக்குமேல நிறுத்த முடியாதுன்னுட்டாரு. திங்கக்கிழமை வேறாளப் போடுறாங்க. நாளைக்குத் தோட்டத்து லோரியக் கேட்டிருக்கேன். ஏறுங்க."

"நான் ஏறிட்டா அதுக்கு யாருடா தண்ணி எறைப்பா?"

"எறைச்சு என்னா செய்யப்போறீங்க? கம்பெனிக்காரனே மறந்துட்டான்."

"வெல ஏறினா வருவான்லா. வந்து பாக்குறப்ப கப்பல் அடியில கெடந்தா?"

"கெடந்தா கெடக்கட்டுமே!"

பெரியப்பா அப்பாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. கோபம் இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவரின் பக்கத்தில் நின்றுகொண்டு யாராவது அப்படிப் பேசினால் பார்ப்போமே, அந்த மாதிரி. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது பெரியம்மா பேசினார். கொழுந்தன் முன்னால் குரலை உயர்த்திப் பேசுகிறவர் அல்ல, அன்றும் உயர்த்தவில்லை.

"நாளைக்கு லோரியில நானும் எம்மவளும் ஏறுறோம். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம். அந்த வேலை போனா போவுது. நான் தோட்டத்துல களைக்கு மருந்தடிச்சாவது இவளக் கரையேத்துவேன்."

பெரியப்பா திரும்பி நடந்தார். சம்பானில் ஏறிக் கப்பலுக்குப் போனார். இரவுச் சாப்பாட்டுத் தூக்கு கொக்கியிலேயே தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சாமான் கட்டத் தொடங்கினோம். பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டும்போது பெரியம்மா பெரியப்பாவின் தட்டையும் குவளையையும் மட்டும் எடுத்துத் தனியே வைத்தார். ஒரு சட்டி, கொஞ்சம் அரிசி, உப்பு, ஒரு பாய். அதைப் பார்த்துவிட்டு அக்கா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. தினமும் பாசமாகக் கேட்டும் வேலை நடக்கவில்லையே, அப்பா என்ன சொல்வாரோ என்ற கவலைதான் இருந்தது.

அந்த நேரத்தில் பெரியப்பா வந்தார். குளித்து, காக்கிக்குப் பதில் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தனியாக வைத்திருந்த தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, நீ கப்பலப் பாத்திருக்கியா?"

"கரையிலேருந்து பாத்திருக்கேன்."

"வா."

என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சூலத்தடி வந்ததும் நான் பழக்கத்தில் நின்றேன்.

"பெரியப்பா, நான் பொம்பளப் புள்ள."

"தெரியும்" என்றார்.

சம்பானில் என்னைத் தூக்கி வைத்தபோது பெரியம்மா ஓடிவருவது தெரிந்தது. சூலத்தைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று, "என்னாங்க, வேணாங்க" என்றார். பெரியப்பா துடுப்பை எடுத்தார். "நான் போவலங்க. இங்கயே இருந்துர்றேன். புள்ளைய ஏத்தாதீங்க. நான் எங்கயும் போவல." தண்ணீர்மேல் அந்தக் குரல் மிகத் தெளிவாகக் கேட்டது. பெரியப்பா திரும்பிப் பார்க்காமல் துடுப்புப் போட்டார். நேற்று போகிறேன் என்ற பெரியம்மா இன்று ஏன் மாற்றிச் சொல்கிறார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. அவரை விட்டுவிட்டு என்னைக் கூட்டிப் போவது பொறுக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

கப்பல் கிட்டப் போகப் போகப் பெரிதாகி, கடைசியில் வானத்தையே மறைத்தது. உள்ளே எண்ணெயும் ஈரத் துருவும் கலந்த வாசம். தகரக் கூரையின் ஓட்டைகளிலிருந்து வெயில் காசு காசாக விழுந்திருந்தது. ஒவ்வொரு வாளியும் ஒரு கன்றுக்குட்டி படுத்துக்கொள்ளும் அளவு. மேல்வரிசை வாளிகளில் குருவிகள் கூடு கட்டியிருந்தன.

பெரியப்பா எனக்கு ஒன்று விடாமல் காட்டினார். வெறுமனே காட்டவில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் நிறுத்தி, "தொடு" என்றார். பல்சக்கரத்தைத் தொட்டேன். சங்கிலியைத் தொட்டேன். மண் அலசும் தொட்டிகளின் விளிம்பில் கை வைத்தேன். "இங்க நில்லு", "இதுமேல ஏறு", "இந்தப் பக்கமும் நட" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் நடக்காத மூலை அந்தக் கப்பலில் இருக்கக்கூடாது என்பதுபோல் இருந்தது. வின்ச் அறையில் அவருடைய உயரமான முக்காலியில் என்னை உட்காரவைத்து, லீவரை இழுக்கச் சொன்னார். இரண்டு கையாலும் இழுத்தேன்.

"ஓடலையே பெரியப்பா."

"ஓடாது."

"நான் இன்னும் பலமா இழுக்கட்டா?"

"போதும்மா" என்றார். என் தலைக்கு மேலே, சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் கரை முழுவதும் தெரிந்தது. சூலத்தடியில் பெரியம்மா மண்ணில் உட்கார்ந்திருந்தார். நான் கையை ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை.

கீழ்த்தளத்தில் முனியாண்டி படம் ஒன்று மாட்டியிருந்தது. அதில் கிடந்த மாலை நார் மட்டும் மிஞ்சிக் காய்ந்திருந்தது. பெரியப்பா கும்பிடவில்லை. மாலையை எடுத்துப் போட்டுவிட்டு, படத்தைக் கழற்றித் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பக்கத்தில்தான் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. காது அடைக்கும் சத்தம். பெரியப்பா அதன் முன்னால் போய் நின்று, நிறுத்தும் குமிழின்மேல் கையை வைத்தார். வைத்த கை அப்படியே இருந்தது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பிறகு குனிந்து என் காதருகே கத்தினார்.

"பாப்பா, நீ அமுக்கு."

அமுக்கினேன். பம்ப் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது; அவ்வளவு பெரிய கப்பலில் நான் சொன்னதைக் கேட்டது அது ஒன்றுதான். சத்தம் அடங்கியதும் எங்கோ காலுக்குக் கீழே, சரியாக மூடாத குழாயிலிருந்து சொட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

"பெரியப்பா, எங்கியோ தண்ணி ஒழுவுது."

"ஆமா" என்றார்.

திரும்பி வரும்போது துடுப்பை அவசரப்படாமல் போட்டார். கரையில் இறங்கியதும் பெரியம்மாவிடம், "இனிமே ஓடாது. பொண்ணு ஏறிருச்சு. ஒரு மூல விடல. வா, போவலாம்" என்றார். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து சொல்கிற குரல். பெரியம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். முனியாண்டிக்கும் பயப்படாத அக்கா அவரைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். நான் பெரியம்மா பக்கத்தில் போய், "அடுத்த தடவ உங்களையும் கூட்டிட்டுப் போவாரு" என்று ஆறுதல் சொன்னேன்.

அப்பா லோரியோடு வந்தார். பெரியப்பாவின் தட்டையும் குவளையையும் நானே ஓடிப்போய் எடுத்துச் சாக்கில் போட்டேன். அப்பாவுக்கு நம்ப முடியவில்லை. முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது மெதுவாகக் கேட்டார்.

"எப்படிடி ஒத்துக்கிட்டாரு?"

"நான்தான் தெனமும் கேட்டேன்ல."

அப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். வழியில் கடையில் நிறுத்தி ஐஸ் கச்சாங் வாங்கித் தந்தார். பின்னால் சாமான்களோடு உட்கார்ந்திருந்தவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

பெரியப்பா ஆலை வேலையில் குறை வைக்கவில்லை. நேரத்துக்குப் போனார், நேரத்துக்கு வந்தார். வந்தபின் வாசலில் உட்கார்ந்து செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே பார்ப்பதற்குக் கோடு எதுவும் இல்லை. முனியாண்டி படம் சுற்றிய துண்டு அவிழ்க்கப்படாமலே பெட்டிக்குள் இருந்தது. கரை என்ற சொல்லையே விட்டுவிட்டார். எல்லாப் பக்கமும் கரையாகிவிட்ட பிறகு அதற்குத் தனியாக ஒரு சொல் தேவைப்படவில்லை போலிருக்கிறது. பெரியம்மாவின் அரிசி டின் நிறைந்திருந்தது. அதை அவர் யாருக்கும் திறந்து காட்டவில்லை. அக்கா ரவாங்குக்கு வேலைக்குப் போனாள். நான் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் நான் கப்பல் ஓட்டியதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில், பெரியப்பாவோடு கப்பலில் வேலை பார்த்த ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நான் அன்று பெரியம்மா வீட்டில் இருந்தேன். வந்தவர் உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, சீன மொதலாளி ஒருத்தரு கப்பலப் பாக்க வந்தாருண்ணே. ஓடுற நெலயில இருந்தா எடுத்துக்கிறேன்னாரு. பழைய ஆளுங்களையே போட்டுக்கிறேன்னாரு. என்னையத்தான் கூட்டிட்டுப் போவச் சொன்னாரு. போயிப் பாத்தா..." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பின்பக்கம் உக்காந்திருச்சுண்ணே. பம்பு இருந்த எடமே தெரியல. அவரு காடிய விட்டு எறங்கக்கூட இல்ல. ஏண்ணே பம்ப நிறுத்தினீங்க? நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதானே நாங்க போனோம்?"

 பெரியம்மா அடுப்படி வாசலில் தேத்தண்ணிக் குவளையோடு நின்றார். அதை என் கையில் கொடுத்து, கொண்டுபோய்க் கொடு என்று கண்ணால் காட்டினார்.

நான் நடு வீட்டுக்கு வந்தேன். பெரியப்பா என்னைப் பார்த்தார். தாடையை என் பக்கம் லேசாக அசைத்தார்.

"அது ஏறிருச்சுப்பா."

"எது?"

"இந்தப் புள்ள."

வந்தவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "தானாவாண்ணே ஏறுச்சு?"

பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வந்தவருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. பேச்சு அதோடு நின்றுவிட்டது. நான் கப்பல் ஏறிய செய்தி பெரிய மனிதர்கள் வரை போய்விட்டது என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. குவளையை அவரிடம் நீட்டினேன்.

அவர் கை நீட்டவில்லை. சூடாக இருக்கிறது போலும் என்று நினைத்தேன். அடுப்படிக்குப் போய் இன்னொரு குவளை எடுத்து வந்து, அவர் முன்னாலேயே நின்று, சிந்தாமல் மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றினேன். மறுபடியும் நீட்டினேன். அவர் எழுந்து, என்மேல் படாமல் சுவரோரமாக ஒதுங்கி நடந்து, வெளியே போய்த் தொப்பியை மாட்டிக்கொண்டார். மோட்டார் சைக்கிள் சத்தம் செம்பனைக்குள் போய் அடங்கும் வரை பெரியப்பா தலை நிமிரவில்லை.

சர்க்கரை போதவில்லையோ என்று நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.